பத்தாயிரத்தில் ஒன்று குறைவு

மனு வாங்கும் கடைசி நாள்.
காங்கயம் தாலுகா ஆபீஸ் எதிரே
நூறு மீட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம்
ரத்தினமூர்த்தியின் ரிக் லாரி நின்றது.
கோட்டைத் தாண்டியது
அவரும், நாலு பேரும், ஒரு குழாயும்.

ஏழு இஞ்ச் கேசிங் பைப், இரண்டடி நறுக்கு, நீலம்.
அம்மிக்கல்லைத் தூக்குகிற மாதிரி
ரெண்டு பேர் பிடித்துவந்து வராந்தாவில் வைத்தார்கள்.
உள்ளே கட்டுத்தொகை:
பத்தாயிரமும் ஒற்றை ரூபாய்.
வெளியே 'பொன்னூற்று போர்வெல்ஸ்',
அடியில் பத்து இலக்கம்.

எழுத்தை மறைக்கச் சொன்னார் அதிகாரி.
அய்யாவு பழைய பேப்பரும் பசையும் தேடிப் போனார்.
ஒட்டுவதையும் எடுத்தார்கள் சேனல்காரர்கள்,
எண் மேல் காகிதம் ஏறும்வரை
கிட்டக் கிட்டப் போய்.

'ஏனுங்ணா, சில்லறையாவே கொண்டாந்துட்டீங்?'
'ஊட்டுக்கு ஒரு ரூபாய்ங்.
சனங்க குடுத்த காசுங்.'
மூடியைத் திறந்து மேசையில் கொட்டினார்.
'இன்னொருக்காங்ணா, வெளிச்சம் பத்தல.'
அள்ளி நிரப்பி, மறுபடி கொட்டினார்.
இரண்டாந்தடவை சத்தம் இன்னும் நன்றாக வந்தது.

நான் எண்ணுகிறவள். எனக்குத் தெரியும்.
எல்லாம் ஒரே வருஷத்துக் காசு.
எந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியும் தொடாத பளபளப்பு.
பேங்க் பையின் தையல்நூல் ஒரு முழம்
காசோடு சேர்ந்து விழுந்து கிடந்தது.
அதை யாரும் எடுக்கவில்லை,
கேமராவாலும் சரி, கையாலும் சரி.

பதினோரு நிமிஷம்.
பிறகு கீழே வடையும் டீயும், கேமராக்கள் கிளம்பின.
எனக்கு மூன்றரை மணி நேரம்.
பத்துப் பத்தாக அடுக்கி
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
மேசைக்கடியில் தேடினேன், பீரோவை நகர்த்தினேன்.
மூன்று மணிக்குக் கதவைச் சாத்த வேண்டும்.
பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையிலிருந்து
ஒன்றை எடுத்து வைத்தேன்.
அது மட்டும் கறுத்திருந்தது.

காத்திருந்தாள் பெஞ்சில் இன்னொருத்தி,
வெள்ளகோவிலுக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைமடை.
கைக்குட்டையில் இருபது ஐந்நூறு, மடிப்புக் கலையாமல்.
கூடவே மூன்று பக்கக் கடிதம்:
எந்த வருஷம் எத்தனை நாள் தண்ணீர் வந்தது,
எந்த மடையோடு நின்றது,
ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள்.
'டிவிக்காரங்க இதை வாங்குவாங்களாங், மேடம்?'
'போயிட்டாங்கம்மா.'
நாலாக மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவருக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
அவளுக்கு அறுபத்தேழு.
டெபாசிட் போனதற்கு
பஸ் ஸ்டாண்டில் ஜிலேபி கொடுத்தார் ரத்தினமூர்த்தி.
அதற்கும் வந்தார்கள் கேமராவோடு.
'பத்து செகண்ட் வெளம்பரம் என்ன ரேட்டுனு தெரியுமாங்?'
சீனிப்பாகு ஒட்டிய விரலால்
காற்றில் கணக்குப் போட்டார் அய்யாவு.
'பத்தாயிரத்துக்கு
பொறத்தால நின்னு கைகூட ஆட்ட முடியாதுங்.'

புரட்டாசியில் எங்கள் போர்
இருமி இருமிக் காற்றைத் துப்பியது.
'யாரக் கூப்புடறது?' என்றார் வீட்டுக்காரர்.
யோசிக்கவேயில்லை நான்.
பத்து இலக்கத்தையும் என் வாய்
வாய்ப்பாடு மாதிரி சொல்லி முடித்திருந்தது.

பொழுதோட வந்தது அதே லாரி.
விடிய விடிய இறங்கியது.
எழுநூறு. எண்ணூற்று அறுபது.
கொடியில் காய்ந்த யூனிபார்ம், சைக்கிள் சீட்டு, முருங்கை
எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புழுதி.

ராத்திரி மூன்று மணி இருக்கும்,
அந்தச் சத்தத்துக்குள் படுத்துக்கொண்டு
கடைமடைக்காரியின் பெயரை யோசித்தேன்.
ரசீது எழுதியவள் நான்தான்.
தகப்பன் பெயர், வயது, வார்டு எண்கூட
இந்தக் கையால்தான் எழுதினேன்.

வரவில்லை.
பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்.
அது திருப்பூரில், கருவூலத்தில்,
அரக்கு வைத்துப் பூட்டிக் கிடக்கிறது.