இருபத்து மூன்று மாடுகளும் ஒடீலியாவும்

திருநீற்றுப் புதன் முடிந்து நான்காம் நாள்
அவள் காப்பியில் பாலை ஊற்றப் போனேன்.
கோப்பையை உள்ளங்கையால் மூடினாள் ஒடீலியா.
தவக்காலம் என்று நினைத்துக்கொண்டேன்.
ஈஸ்டர் வந்தது, போனது.
கை அங்கேயே இருந்தது.

வயிறு சரியில்லையா என்றேன். இல்லை.
மருத்துவர் சொன்னாரா. இல்லை.
டொரன்டோவிலிருந்து மகள் ஏதாவது ஓதினாளா.
வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்:
"எனக்குப் போதும், ஜெர்வாசியோ."
எது போதும் என்று கேட்கப்
பயமாக இருந்தது.
என்னிடம் இருபத்து மூன்று மாடுகள்.

சாவோ ஜோர்ஜ் தீவில்
கல்யாணத்துக்கும் இழவுக்கும்
பாலாடைக்கட்டிச் சக்கரத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவோம்.
இங்கே பால் வேண்டாம் என்பது
கடலோடு கோபித்துக்கொண்டு
முகத்தைத் திருப்புவது போல.
எந்தப் பக்கம் திருப்பினாலும் கடல்தான்.

முதலில் வெண்ணெய்க் கத்தி தனியானது.
பிறகு வாணலி.
பிறகு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க
எனக்குப் பெயர் தெரியாத பொட்டலங்கள்.
ஓட்ஸ் பால் கப்பலில் வந்தது.
புதன்கிழமைக் கப்பல்; கடல் கொந்தளித்தால் வெள்ளி.
டப்பாவைத் திருப்பி விலையைப் பார்த்தேன்.
நான் என் பாலை விற்கும் விலைக்கு
ஐந்து மடங்கு.
சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

அவளும் தடுமாறினாள், அதையும் சொல்ல வேண்டும்.
முட்டையில்லாமல் சுட்ட முதல் கேக்
கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவியது.
ஒரு ராத்திரி குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்று
என் பாலாடைக்கட்டித் துண்டை முகர்ந்துகொண்டிருந்தாள்.
தின்னவில்லை. முகர்ந்தாள்,
பழைய காதலனின் சட்டையை முகர்வது போல.
நான் கழிப்பறைக்குப் போகிறவனாக
இருமிக்கொண்டே கடந்தேன்.

பால் லாரி ஓட்டும் அமாரு கேட்டான்:
"உன் பெண்டாட்டியே தொடாத பாலை
ஊர் எப்படிக் குடிக்கும்?"
உலைவாயை மூடலாம், ஊர்வாயை?
கூட்டுறவுச் சங்கத்தில் அவள் பக்கம் பேசினேன்.
வீட்டுக்கு வந்து சங்கத்தின் பக்கம் பேசினேன்.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

பரிசுத்த ஆவித் திருவிழாவில்
ஊருக்கே மாட்டிறைச்சிச் சூப்.
பணக்காரனுக்கும் பரதேசிக்கும் ஒரே அண்டா,
அடியில் ரொட்டி, மேலே புதினா.
வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.
இந்த வருஷம் காளை கொடுத்தது நான்.
பரிமாற வந்த டியோலிந்தா
அகப்பையை உயர்த்தியபடி நின்றாள்.
மேசை முழுக்க எங்கள் தட்டுகளைப் பார்த்தது.
ஒடீலியா வெறும் ரொட்டியை எடுத்தாள்,
ஒரு புதினா இலையை மேலே வைத்தாள்,
சிலுவை போட்டுக்கொண்டு கடித்தாள்.
டியோலிந்தா ஒரு கணம் யோசித்தாள்.
இன்னும் இரண்டு கொத்துப் புதினாவை
அவள் தட்டில் வைத்துவிட்டு
அடுத்த ஆளுக்குப் போனாள்.
எனக்கு இரண்டு அகப்பை விழுந்தது.
ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
காளையின் பெயர் மட்டும்
நினைவுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.

மிமோசா ஈன்று நேற்றோடு இரண்டு நாள்.
கன்றைப் பிரிக்கும் வேளை.
ஒடீலியா விளக்கைப் பிடித்தாள்,
முப்பத்தொரு வருஷமாகப் பிடிக்கிற அதே உயரத்தில்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்:
வங்கிக் கடன், தீவன விலை,
மகள் டொரன்டோ போன பயணச்சீட்டு.
எல்லாம் நாக்கடியிலேயே கிடந்தன.
கன்றைத் தூக்கினேன்.
மிமோசா கத்தினாள்.
கொட்டகைக் கதவைச் சாத்திய பிறகும் கத்தினாள்.

மூன்று மணிக்குத் தூக்கம் போய்விட்டது.
சமையலறையில் அவள் ஊறவைத்த கொண்டைக்கடலை
கிண்ணம் கொள்ளாமல் உப்பியிருந்தது,
மேலே லேசாய் நுரை.
வடித்தேன். கழுவினேன்.
புதுத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன்.

பிறகு காப்பி போட்டேன்.
பால் இருந்தது, வெளியே தொட்டியில், நானூறு லிட்டர்.
மழை பெய்துகொண்டிருந்தது.
போய் எடுத்துவரச்
சோம்பலாக இருந்தது என்று
வைத்துக்கொள்ளுங்கள்.