எட்டாம் நாள்

டல்சாவில் விடியாத நாலு மணிக்குத்தான்
கதவைத் திறந்துவிடுகிறார்கள்.
முதல் பஸ் ஆறே காலுக்கு.

கார்லிஸ் கையில் கண்ணாடிப் பை.
பிப்ரவரியில் பிடிபட்டபோது போட்டிருந்த கம்பளிச் சட்டை,
இப்போது ஆகஸ்ட்.
சார்ஜ் இல்லாத போன்.
ரத்தக் கொதிப்புக்கு ஏழு மாத்திரை.
எட்டாம் நாள் என்று ஒன்று வரும் என்பதை
அந்தக் கட்டடம் நம்புவதில்லை.

எதிர்ச்சாரியில் எங்கள் வண்டி,
முன்பு ரொட்டி விற்றது,
மழை பெய்தால் இன்னும் ஈஸ்ட் வாசம்.
உள்ளே ஒரு படுக்கை, ஒரு திரை, நர்ஸ் ஒடெல்லா.
காபி ஊற்றுவதும் படிவம் நிரப்புவதும் என் வேலை.

முகவரி?
சிரிக்கிறாள்.
கடைசியாகத் தூரமானது?
ஏப்ரலோடு நின்றது. யாரிடம் சொல்ல?
டாக்டரைப் பார்க்க ஒரு மனு, மனுவுக்கு நாலு டாலர்.
நாலு டாலருக்கு எத்தனை நூடுல்ஸ் பொட்டலம் என்று
அவளுக்கும் தெரியும்
எனக்கும் தெரியும்.

தொண்டையைப் பார்க்கணும், வாயைத் திற, என்றாள் ஒடெல்லா.
திறந்தாள்.
நாக்கைத் தூக்கினாள்.
இடப்பக்கம் ஒதுக்கினாள், வலப்பக்கம் ஒதுக்கினாள்,
விரலால் கன்னத்தை இழுத்து ஈறுவரை காட்டினாள்:
ஒளிக்கவில்லை, விழுங்கிவிட்டேன், பாருங்கள்.

ஒடெல்லா டார்ச்சை அணைத்துவிட்டாள்.
நான் ஏற்கெனவே துடைத்த பிளாஸ்க்கைத் துடைத்தேன்.
வெளியே வந்து ஆறு வருஷம்,
பல் டாக்டர் முன்னால் இன்றும் நான்
இதையேதான் செய்கிறேன்.

மார்ச்சில் உள்ளே ஒருமுறை
கருப்பைவாயில் பஞ்சு தொட்டு எடுத்தார்களாம்.
முடிவு வரும் என்றார்கள்.
வந்திருக்கும்.
அவள் படுத்த கட்டிலில் இப்போது வேறொருத்தி,
கடிதம் யாருடைய மேஜையில்
எந்தக் காபிக் கோப்பைக்குக் கீழே?

மறுபடி எடுத்துப் பார்க்கணும், என்றாள் ஒடெல்லா.
எடுக்கட்டுமா?

கார்லிஸ் என்னைப் பார்த்தாள்.
இது கேள்வியா என்பதுபோல.
வேண்டாம்னும் சொல்லலாமா?
சொல்லலாம்.

பாலத்தின் மேல் லாரி ஒன்று போய் முடிகிறவரை யாரும் பேசவில்லை.

வேண்டாம், என்றாள்.
பிறகு, கொஞ்சம் சத்தமாக,
இன்னிக்கு வேண்டாம்.

உடுப்பைச் சரிசெய்துகொண்டு
காபியை நின்றபடியே குடித்தாள்.
நின்று குடிக்கத் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்,
விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை வண்டி எந்த மூலையில் நிற்கும்
என்று மட்டும் கேட்டாள்.
என் பேனாவை வாங்கி
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
அழியாமல் இருக்க
இரண்டு தடவை.