மூன்று இரண்டு இரண்டு

ஏழு எண்ணிக்கையில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு.
மெட்டு தவசீலனுடையது.
குன்னூர் ரயில் ஷெட்டில் என்ஜினுக்கு எண்ணெய் விடுகிறவன்.
அவனுக்கு எதுவும் நாலு நாலாக வராது.
மேசையில் தட்டிக் காட்டினான்:
தகிட தக திமி, தகிட தக திமி.
போனில் ஒருமுறை பாடி அனுப்பிவிட்டு
நைட் ஷிப்டுக்கு இறங்கிப் போய்விட்டான்.

தேயிலை ஆபீஸ் கணக்கை மூடிவிட்டு
அதே லேப்டாப்பில்
ஐந்து கோடுகளைத் திறந்தேன்.
வெளியே பனி, கண்ணாடியில் முகம் வைத்து
உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தலை, ஒரு கால்.
கால்களைச் சேர்த்து மேலே ஒரு தடித்த கோடு.
பீம் என்பார்கள்.
உத்திரம் மாதிரிதான், ஆனால்
எந்தக் கூரையையும் தாங்குவதில்லை.
யார் யாரோடு என்று மட்டும் சொல்லும்.

மென்பொருளுக்கு ஏழு என்றால்
நாலும் மூன்றும்.
நான் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
பேட்டரி தீர்வதற்குள் பக்கங்களைச் சேமித்தேன்.
காலையில் பெட்ஃபோர்டு ஜெராக்ஸ் கடை,
பதினாலு பிரதி, ஓரத்தில் கொஞ்சம் மை ஈஷியது.

சனிக்கிழமை ஒத்திகை.
*குளிரில் வந்தாய் நீ* என்பது வரி.
கோடு எங்கே முடிந்ததோ
அங்கே மூச்சு வாங்கினார்கள்.
குளிரில்வந்
தாய்நீ

எல்லாரையும்விட சத்தமாக ஆல்டோவில் சலோமி:
தாய் நீ.
டெனர்கள் இருவர் சிரித்துவிட்டார்கள்.
போதகர் இருமினார்,
மாட்டுக்கொட்டிலில் இருக்கும் குழந்தையை
யாரோ பெயர் மாற்றிவிட்டது போல.

வகையுளி.
எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது.
சொல்லை நடுவில் அறுத்துச்
சீருக்குக் கொடுப்பது.
என் மை, என் கோடு,
அறுத்தது நான்.

அன்றிரவு தாளக் குறியை இருமுறை தட்டினேன்.
பண்புகள். பீம் பிரிவுகள்.
நாலை அழித்தேன்.
மூன்று, இரண்டு, இரண்டு.
அறுபத்து நான்கு அளவுகளும்
ஒரே நேரத்தில் அசைந்து
வேறு தோளில் கை போட்டுக்கொண்டன.
குளிரில், வந்தாய், இரண்டும் முழுசாக.
கடைசியில் *நீ* மட்டும் தனியே
சின்ன வாலோடு,
பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு மௌனம்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பிரிண்ட் எடுக்கப் போகும்போது
மருத்துவமனை இறக்கத்தில் சலோமி எதிரே வந்தாள்.
மகப்பேறு வார்டில் இரவுப் பணி முடித்த கண்கள்.
ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர்.
தாளை வாங்கிப் பார்த்தாள்.
"சரி பண்ணிட்டியா?"
"பண்ணிட்டேன்."
"ராத்திரி கொலக்கம்பையிலருந்து ஜீப்ல
ஒரு பொண்ணு வந்துச்சு.
வழியில ரெண்டு தடவ நின்னுருக்கு, பனி.
மூணு மணிக்குப் பெத்துச்சு."
கொட்டாவி விட்டாள்.
"கடைசி சரணத்துல மட்டும்
பழையபடி இருக்கட்டும்."

கடைசி சரணத்தை மட்டும் பழையபடி வைக்க
மென்பொருளில் ஒரு பொத்தான் கிடையாது.
ஒவ்வொரு சுரமாகத் தேர்ந்தெடுத்து
இங்கே ஒட்டு, இங்கே முறி என்று
கையால் சொல்ல வேண்டும்.
முன்பு கேட்காமல் செய்ததை
இப்போது கேட்டும் செய்ய மறுக்கிறது.
எட்டு அளவுகள்.
டீ ஆறியது.

தவசீலன் தாளைப் பார்த்தான்.
விரலால் தட்டிக்கொண்டே வந்தவன்
கடைசிப் பக்கத்தில் தடுக்கி நின்றான்.
"இது தப்பாச்சே."
"ஆமா," என்றேன்.
மறுபடி தட்டினான்,
இந்த முறை நாலும் மூன்றுமாக,
கரி படிந்த நகத்தால், மெதுவாக.
பிறகு தாளை மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.