ஏழாம் பந்தி

மூன்று வேட்பாளருக்கும் நான்தான் பக்கம் கட்டுகிறேன்.
ஒருவருக்கு மற்றவரைச் சொல்வதில்லை; சொன்னாலும்
ஆரியகுளத்தடியில் இந்த விலைக்கு வேறு ஆளில்லை.
முதல் ஆறு பந்தியும் அவரவர் சொந்தம்:
காணி, கடல், வேலை, தேடப்படுகிறவர்கள்,
கூட்டுறவுக் கடன், சுன்னாகத்துக் கிணற்று எண்ணெய்.
ஏழாவதை மூவருமே வெறுமையாக அனுப்பினார்கள்.
"இன்ரநெற் பற்றி ஏதாவது போட்டு நிரப்பும், பிள்ளை."

நிரப்பினேன்.
இணைய நடுநிலை: எல்லாப் பொதிக்கும் ஒரே பாதை.
எது விரைவு, எது தாமதம் என்று
கம்பனி தீர்மானிக்க விடமாட்டோம்.
இரவு ஒன்றரை மணி. எழுதியபோது
எனக்கே கொஞ்சம் புல்லரித்தது.

பரஞ்சோதியர் தொலைபேசியில் கத்தினார்:
"உதென்ன பொதி? தபால் கந்தோரோ?
பஸ் நிலையத்திலை இலவச வைஃபை எண்டு போடும்."
போட்டேன்.
எந்தெந்தத் தளம் திறக்கும் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

சட்டத்தரணி மங்களேஸ்வரி முழுதாக வாசித்தார்,
கேள்வி கேட்டார், விளங்கிக்கொண்டார்,
பிறகு முதற் சொல்லிலேயே பேனாவை வைத்தார்.
"இது வேண்டாம், துளசிகா. இஞ்சை நடுநிலை எண்டால்
ஆருக்கோ பயந்தவை எண்டு அர்த்தம்."
வெட்டிய கோட்டுக்கு மேலே அவர் கையெழுத்து:
பிள்ளைகளைக் கெடுக்கும் தளங்களைத் தடைசெய்வோம்.
கெடுப்பது எது என்று ஆர் சொல்வது?
"அதைப் பிறகு பார்ப்பம்."

பிறகு பார்த்திருக்கிறோம்.
குண்டு வெடித்த ஏப்ரலில் ஒரு கிழமைக்கு மேல்
முகநூல் கிடையாது.
அதற்கும் முந்தி, பாதை பூட்டிய வருடம்,
மணியடிக்காத ரெலிபோனை அம்மா
துடைத்துத் துடைத்து வைத்தாள்.
அதற்கெல்லாம் கொள்கை என்று ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

நிதர்சன், இருபத்தெட்டு வயது, சுயேச்சை, கேத்தல் சின்னம்.
"அக்கா, ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ."
அன்றைக்குக் கஸ்தூரியார் வீதியில்
சைக்கிள் தானாக ஓடியது.

அச்சகம் கோப்பாயில். கோப்பு நாற்பது எம்பி.
என் டேட்டா இருபத்திரண்டாம் திகதியே தீர்ந்து,
மிஞ்சியிருந்தது வாட்ஸ்அப் மட்டும் ஓடுகிற பக்கேஜ்.
மின்னஞ்சல் சுற்றிச் சுற்றி நின்றது.
அச்சக அமிர்தநாதருக்கோ
படமாக அனுப்பினால்தான் திறக்கத் தெரியும்.
அனுப்பினேன். போகிற வழியில் அது
பக்கத்தை நசுக்கிக்கொண்டு போனது.

ஐயாயிரம் பிரதி.
கேத்தல் துல்லியம், மூக்கு வரைக்கும்.
விருப்பு இலக்கம் துல்லியம்.
ஏழாம் பந்தியில் எழுத்துகள்
பாணிக்குள் விழுந்த எறும்புகளாய் ஒட்டிக் கிடந்தன.
'ஒரே' தெரிந்தது. 'பாதை' தெரியவில்லை.

நிதர்சன் கவனிக்கவில்லை. வீடு வீடாய்க் கொடுத்தான்.
கந்தர்மடத்தில் ஒரு கணக்கு ரீச்சர் மட்டும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு
"தம்பி, ஏழாவதிலை என்ன கிடக்கு?" என்றாராம்.
கேற்றடியில் நின்று, நாய் குரைக்கக் குரைக்க,
வாயாலேயே சொன்னானாம்.
முடிக்கும்வரை அவர் கேற்றைச் சாத்தவில்லையாம்.

முந்நூற்றுப் பதினொரு வாக்கு. ஒன்று என்னுடையது.
மிச்சக் காசு இன்னும் தரவில்லை; கேட்க மனமும் வரவில்லை.

பரஞ்சோதியர் வென்றார். வைஃபையும் வந்தது.
நேற்று பஸ்ஸுக்கு நின்றபடி இணைத்தேன்.
முதலில் அவர் முகம் திறந்தது.
மூடுவதற்கான புள்ளடியைத்
தேடிக்கொண்டிருக்க, கொடிகாமம் பஸ்
போய்விட்டது.