பார்ப்பம் என்பதற்கு ஒரு நிறம்

மான்களுக்காக நாங்கள் ஏழு பேர்.
நகரசபைக் குப்பைத் தொட்டியடியில்
ஷொப்பிங் பை தின்னும் புள்ளிமான்களுக்கு
ஏதாவது செய்யவேண்டுமென்று தொடங்கிய குழு.
ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசி
நாலு மாதம்.

வட்ஸ்அப்பில் கேட்டால்
"எப்பெண்டாலும் ஓகே" என்று ஆறு பேரும் எழுதுவார்கள்.
அந்த எப்ப, வந்ததே இல்லை.
செயலாளர் நான்தானே,
இரவிரவாகக் கருவி தேடினேன்.

முதலாவது, கடவுச்சொல் கேட்டது.
விக்னராசா அண்ணனின் மின்னஞ்சல்
மகன் திறந்து கொடுத்தது.
மகன் கட்டாரில்.
இரண்டாவது, ஐந்து பேர் வரைக்கும் இலவசம்,
ஆறாவது ஆளிலிருந்து டொலர்.
எந்த இரண்டு பேரை விடலாமென்று
ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன், சொல்ல வெட்கம்.
மூன்றாவது, ஊர் கேட்டது.
பட்டியலில் கீழே கீழே போனேன்.
எங்கள் தீவுக்கு ஒரே ஒரு நேரம், அதன் பெயர் கொழும்பு.
சூரியன் எங்கள் பக்கத்தால்தான் ஏறுகிறதென்று
எழுத அதில் இடமில்லை.

நாலாவதை எடுத்தேன்.
விளம்பரம் கொஞ்சம். ஆனால் கட்டங்கள் பெரிசு,
வெடித்த திரையிலும் விரல் பிடிக்கும்.
பச்சை: வருவேன்.
சிவப்பு: வரமாட்டேன்.
மஞ்சள்: தேவையென்றால்.

"ஆருக்குத் தேவையெண்டா?"
என்று கேட்டாள் கிருபைராணி.
உதவிப் பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.

கட்டங்கள் நிறையத் தொடங்கின.
வெள்ளி மதியம் ஹிதாயத்துல்லா சேர் சிவப்பு.
ஞாயிறு காலை கிருபைராணி.
போயா நாள் முழுக்க அநுருத்த.
எங்கள் பின்னேரத்தில் தர்மகுலன்
கனடாவில் கார்க் கண்ணாடியின் பனி சுரண்டுகிறான்.
யோகசுந்தரிக்கு மூதூர்ப் படகு,
காற்று எழும்பினால் அதுவும் இல்லை.
விக்னராசா அண்ணனுக்கு மா ஆலை ஷிப்ட்,
கிழமைக்குக் கிழமை நிறம் மாறுவார்.
ஒருவரின் கடவுளோ முதலாளியோ கடலோ
ஒவ்வொரு நாளையும் மறித்துக்கொண்டு நிற்க
மிச்சமெல்லாம் மஞ்சள்.

அந்த மஞ்சளை ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.
"பார்ப்பம்" என்றார் விக்னராசா.
"இன்ஷா அல்லாஹ்" என்றார் சேர்.
"பலமு" என்றான் அநுருத்த.
வருவேனும் இல்லை, மாட்டேனும் இல்லை;
முகம் முறியாமல்
கதவை ஒருச்சாய்த்து வைக்கிற சொல்.
கருவி செய்தவர்கள் எந்த ஊரோ,
அதற்கும் ஒரு நிறம் தந்தார்களே.

கடைசியில் கணக்குப் பார்த்துச் சொன்னது:
பொருத்தமான நேரம் இல்லை.
செவ்வாய் இரவு ஒன்பதரையை மட்டும்
தடித்த கோட்டால் சுற்றிக் காட்டியது,
ஏழு பேரும் சிவப்புப் போட்ட ஒரே கட்டம்.

அந்தச் செவ்வாய் ஒன்பது இருபதுக்கு
பஸ் நிலையத்தடியில் ஒரு கிடா மான்,
தலையில் பெயின்ற் வாளி.
யாரோ எனக்கு அடித்தார்கள், நான் யார்யாருக்கோ அடித்தேன்.
கிருபைராணி கட்டில் விரிப்போடு வந்தாள்.
அநுருத்த தகரம் வெட்டும் கத்திரியோடு.
கிண்ணியாப் பாலத்தால் சேர் பறந்து வந்தார், ஹெல்மெட் இல்லை.
விக்னராசா அண்ணன் புருவமெல்லாம் மாவோடு.
மூதூரிலிருந்து மருத்துவிச்சியின் குரல் ஸ்பீக்கரில்:
"இழுக்காதேங்கோ. பிள்ளைத்தலை மாதிரி
மெல்லத் திருப்புங்கோ."
தர்மகுலன் வேலைத்தளக் கழிவறையில் நின்று
வீடியோவில் மூச்சுப் பிடித்தான்.

வாளி கழன்றது.
மான் ஒருமுறை தலையை உதறி
நேரே போய்
அடுத்த பையை மோந்தது.
நாங்கள் ரோட்டோரம் நின்றபடியே பேசினோம்,
நாலு மாத அலுவல், பத்து நிமிடம்.

வீட்டுக்கு வந்து கருவியைத் திறந்தேன்.
அந்தக் கட்டத்தைப் பச்சையாக்க விரலை வைத்தேன்.
கடந்த நேரத்தை மாற்றமுடியாது என்றது.
கீழே ஒரு செருப்பு விளம்பரம்.

அடுத்த மாதக் கட்டங்களைத் திறந்து அனுப்பினேன்.
முதல் பதில் விக்னராசா அண்ணன்:
முப்பது நாளும் மஞ்சள்.