இருபது லிட்டர் கடல்

மண்டபத்தில் தண்ணீர் விற்கிறேன்.
ஆழ்துளையிலிருந்து ஏறுவது ஆயிரத்து எண்ணூறு,
மெம்பரேன் தாண்டி இறங்குவது எழுபது.
மீட்டரை முக்கி எண்ணைக் காட்டினால்
யாரும் பேரம் பேசுவதில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி.
உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்,
கடன்வாங்கிய சங்குக்குள் ஒரு சந்நியாசி நண்டு.
அதிலும் மீட்டரை முக்கிப் பார்த்தேன் ஒருநாள்.
எண் வரவில்லை.
கோடு மட்டும் வந்தது.

தையில் தொட்டி கலங்கியது.
முதலில் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல.
பிறகு அரிசி களைந்த தண்ணீர்.
பிறகு மீன் இருக்கிறதா என்று
தட்டிப் பார்க்க வேண்டிய வெள்ளை.
கேன் வாங்க வந்தவர் தொட்டியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
கேனைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.
ஐந்து மைக்ரான் பில்டர் போட்டேன். கரி போட்டேன்.
பஞ்சைத் தினமும் பிழிந்தேன்,
எழுபது உள்ள நல்ல தண்ணீரில்,
கூடவே இரண்டு சொட்டு பிளீச்சிங்.
கல்யாண வேட்டிபோலப் பஞ்சு வெளுத்தது.
தொட்டி மோராகிவிட்டது.

மாசியில் எனக்கு டெங்கு.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.
தலைக்குமேல் உப்புத் தண்ணீர் பாட்டில்,
என்ன தெளிவு அது.
சொட்டுகளை எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

பிளான்டைக் களஞ்சியம் பார்த்துக்கொண்டாள்.
கேன் கழுவுகிறவள், நாளைக்கு இருநூறு.
போனில் சொன்னேன், அந்தப் பஞ்சையும் கொஞ்சம்...
'கேனுக்குத்தான் அண்ணே சம்பளம்.'
வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது
தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில்
ராகுகாலம் படிக்க முடிந்தது
தண்ணீர் வழியாக.
கோமாளிகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன.
பஞ்சை எடுத்தேன். பழுப்பு, வழவழப்பு,
ஓதம் வடிந்த கரையின் வாசனை.
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர்
அதில் குடியிருந்து கழிவைத் தின்கிறார்கள்.
நான் தினமும் அவர்களைக்
கொன்று கழுவியிருக்கிறேன்,
சுத்தமாக.

கண்ணாடியின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு,
மெரூன் நிறம்.
'தண்ணி குறையுதுல்ல.
பொட்டு வரைக்கும் ஊத்துனேன், நம்ம தண்ணி.'
இரைக்கு ஒரு சிட்டிகை, அதுவும்
ஞாபகம் வந்த நாளில்.

இப்போது மாதம் ஒருமுறை பாதிப் பஞ்சு மட்டும்,
தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் அலசுகிறேன்.
பிவிசி குழாயில் ஒரு நுரைவடிகட்டி செய்தேன்.
காற்றுக்கல் கொதிக்க, மேலே கப்பில்
டீ நிறத்தில் ஏதோ சேர்கிறது. மோந்து பார்க்காதீர்கள்.
சனிக்கிழமை லாம்பர்ட் தென்கடலுக்குள் போய்
டீசல் வாடை இல்லாத தண்ணீரில்
ஒரு கேன் மொண்டு வருகிறான்.
என் கேன்தான். வெளியே என் ஸ்டிக்கர்:
அலை அக்வா, நூறு சதம் தூய்மை.
உள்ளே கடல்.

மின்விசிறிக் காற்றில் தினம் ஒரு சொம்பு போகிறது.
போவது நல்ல தண்ணீர் மட்டும்,
உப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது.
சாயங்காலம் பொட்டைப் பார்த்து ஊற்றுகிறேன்.

சித்திரை. குழாய் வந்து ஒன்பது நாள்.
வாசலில் குடங்கள், நடுவில் பெருங்குளத்துக்காரி ஒருத்தி,
இடுப்பில் பிள்ளை.
கடலுக்கு நான் குடிதண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொம்பில் பாதி மிச்சம் இருந்தது.
பிள்ளையிடம் நீட்டினேன்.
அது குடிக்காமல்
மீனைக் காட்டிச் சிரித்தது.

கொல்லைப்புறம் பிளான்டின் கழிவுக்குழாய்
மணலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.
ஒரு கேன் நல்லதுக்கு இரண்டு கேன் உப்பு.
இன்று காலை ஆழ்துளையில் மீட்டரை முக்கினேன்.
இரண்டாயிரத்து நூறு.
துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.