திருத்திய திகதி

வட்டக்கச்சிக் கமக்காரர் அமைப்பின் கொம்பியூட்டர்
கரண்ட் போய் வரும்போதெல்லாம்
இரண்டாயிரத்து இரண்டு, தை முதலாம் திகதியில் கண் விழிக்கும்.
உள்ளே ஒரு பற்றரி, சட்டைப் பொத்தான் அளவு.
செத்து எத்தனை மாதமோ.
பொருளாளர் தவநேசம் அண்ணைக்கு அது ஒரு விசயமில்லை:
"கூட்டல் சரியா வருதுதானே பிள்ளை."

அந்தத் தை எனக்கு நினைவிருக்கிறது.
வெடிச்சத்தம் ஓய்ந்து
அமைதிக்குக் காது கூசிய தை.
இந்த ஒரு மெசின் மட்டும்
காலைக்குக் காலை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.
கொஞ்சம் பொறாமைதான்.

ஆனால் அதற்குள் ஒரு காப்புப்படி மென்பொருள்.
நான்தான் போட்டுக் கொடுத்தேன்.
மெசினை மூட முதல் ஒருதரம் ஓடும்.
கோப்பைத் திறவாது, ஒரு வரி வாசியாது.
திகதியை மட்டும் கேட்கும்:
என்னட்டை இருக்கிறதை விட நீ புதுசோ?
நான் இரண்டாயிரத்து இரண்டு, என்னும் கோப்பு.
அப்ப நீ பழசு, போ.
ஆறு மாதம் இதே கதை.
முடிவில் பச்சை நிறத்தில் ஒரு சரி.

மார்கழியில் வாய்க்கால் உடைத்து
அலுவலகத்துக்குள் இடுப்பளவு வெள்ளம்.
சேறு வழித்த ஹாட்டிஸ்க்கை
கரடிப்போக்குக் கடைக்குச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.
அது சுற்றவில்லை.
"கொப்பி இருக்குத்தானே?"
இருந்தது. மீட்டேன்.
வந்தது ஆனி மாதக் கணக்கு.
சிறுபோகத்துக்கு விதைநெல் வாங்கி
அறுத்து, விற்று, அடைத்து முடித்த
நாற்பத்து மூன்று குடும்பமும்
திரையில் மறுபடி கடன்காரர்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
ஓமந்தைக்கு அங்கால் ஒரு நேரம், இங்கால் ஒரு நேரம்
இருந்த காலத்தில் வேலை பழகினவள் நான்.
கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளியது,
வன்னி தள்ளவில்லை.
கடவையில் இறங்கிக் கைமணிக்கூட்டை அரை மணி முறுக்குவோம்.
பிளொப்பியை எவர் முறுக்குவது?
வவுனியாவில் பத்து மணி என்று பதிந்த பட்டியல்,
அதற்குப் பிறகு
கிளிநொச்சியில் ஒன்பது ஐம்பதுக்குத் திருத்திய அதே பட்டியல்.
இரண்டையும் ஒன்றாய்ப் போட்டால்
பத்து வென்றுவிடும்.
திருத்தம் போய்ப் பிழை நிற்கும்.
பிறகு அரசாங்கமே அரை மணி பின்னுக்கு வந்தது.
கோப்புகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பற்றுச்சீட்டோடு வரச் சொல்லி அறிவித்தோம்.
ஓலைப்பெட்டிக்குள் இருந்து வந்தது, பைபிளுக்குள் இருந்து வந்தது,
ஒன்று கைபேசி உறைக்குள் வெற்றிலைக் கறையோடு.
புவனலோஜினியின் சீட்டில் எழுத்தெல்லாம் கரைந்து
முத்திரை மட்டும் ஊதாவாய் மிச்சம்.
குலவீரசிங்கம் வெறுங்கையோடு வந்தார்.
பாதிதான் அடைத்தேன், மிச்சம் தை அறுவடைக்கு என்றார்.
கேட்டிருக்காவிட்டால் எவருக்கும் தெரியாது.
முழுதாய் அடைத்தேன் என்றிருந்தாலும்
அதே மை, அதே கட்டம்.

ஓரிரவில் எல்லாம் அடித்து முடித்தேன்.
பங்குனியில் கணக்காய்வாளர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"இதென்ன, நாற்பத்து மூன்று பேரின்ர கோப்பும்
ஒரே நாள் ராத்திரி பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலயோ?"
அது நான் தட்டின நேரம் ஐயா,
அவர்கள் தந்த நேரம் சீட்டில் என்றேன்.
புவனலோஜினியின் சீட்டை
வெளிச்சத்துக்குப் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.
ஒன்றும் எழுதவில்லை.

இப்போது காப்புப்படி திகதியை நம்புவதில்லை.
கோப்பின் உள்ளே போய் எண்ணிப் பார்க்கும்.
மெதுவாய்த்தான் ஓடும்.
தவநேசம் அண்ணை கொட்டாவி விட்டபடி காத்திருப்பார்.

புதுப் பற்றரி நூற்றைம்பது ரூபா.
போட்டு, மூடி, நாலு திருகாணியும் இறுக்கி,
பெட்டியில் ஒரு துண்டுத்தாள் ஒட்டி
'மாற்றிய திகதி' என்று எழுதினேன்.
இன்றைக்கு என்ன திகதி?
கை தானாய்ப் போய்த் திரையின் மூலையைத் தேடியது.
தை முதலாம் திகதி என்றது.
நான் இன்னும் நேரம் வைக்கவில்லை.